மாலத்தீவுக்குப் புறப்படும் ஆங்கில ஆசிரியர்களுக்கு



நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்திருக்கிறீர்கள். தனியார் பள்ளி தரும் சம்பளத்தில் காலம் தள்ளிக்கொண்டே ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்காகக் காத்திருக்கிறீர்கள். காத்திருந்து சலித்தவர்களில் சிலர் ஆண்டுதோறும் மாலத்தீவுக்கு விமானம் ஏறுகிறீர்கள். திருவனந்தபுரத்திலிருந்து அதன் தலைநகர் மாலே சுமார் 600 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குச் சாலையில் போகிற தூரம்கூட இல்லை.

கிளம்புவதற்கு முன் உங்களில் பலர், அங்கே வேலை பார்த்துத் திரும்பிய என்னைப் போன்றவர்களைத் தேடி வருகிறீர்கள். சம்பளம் எவ்வளவு, வீடு தருவார்களா, காய்கறி கிடைக்குமா, ஏஜென்டை நம்பலாமா என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியவைதான், அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் அங்கே யாருக்கு, எந்த ஆங்கிலத்தை, எப்படிச் சொல்லிக் கொடுக்கப் போகிறோம் என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பலருடைய பேச்சில் வந்துவிடுகிற ஒரு தாழ்வு: "வெள்ளைக்காரர்கள் அந்தச் சம்பளத்துக்கு வரமாட்டார்கள், அதனால்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்." இந்த எண்ணத்தோடு நீங்கள் மாலேயில் இறங்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த மடல்.

அந்தத் தாழ்வு நீங்களாகக் கற்பனை செய்துகொண்டது அல்ல என்பது எனக்குத் தெரியும். தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான இ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே கிடைக்கும். 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தம் நம்மவர்களுக்கும் கொஞ்சம் வழி விட்டது. அதுவும் உதவி ஆசிரியர் என்ற நிலையில்தான். ஆங்கிலத்தில் முதுகலையும் கல்வியியல் பட்டமும் பெற்று, பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவருக்கு அங்கே முழு ஆசிரியராக இடமில்லை. ஏதோ ஒரு பாடத்தில் பட்டம் வாங்கி, ஒரு வகுப்பறைக்குள்ளும் நுழைந்திராத இருபத்திரண்டு வயது அமெரிக்கருக்கு இடமுண்டு. இது அநியாயம் என்று சொல்ல நான் தயங்கவில்லை.

இந்த அநியாயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவரே சிறந்த ஆங்கில ஆசிரியர் என்ற கருத்து 1961-இல் உகாண்டாவின் மக்கரேரேயில் கூடிய, ஆங்கிலக் கற்பித்தல் பற்றிய காமன்வெல்த் மாநாட்டின் வழியாக வலுப்பெற்றது. ராபர்ட் பிலிப்சன் 1992-இல் வெளியிட்ட 'லிங்குவிஸ்டிக் இம்பீரியலிசம்' என்ற நூலில் அந்த மாநாட்டின் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை நம்பிக்கைகளே தவிர நிரூபிக்கப்பட்டவை அல்ல என்று காட்டினார். ஆங்கில ஆசிரியர்களின் உலக அமைப்பான டீசால் 1991-லும் மறுபடி 2006-லும், தாய்மொழியைக் காரணம் காட்டி ஆசிரியர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்று அறிக்கை வெளியிட்டது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் தன் மாணவர்கள் கிறுக்கியதையும் வரைந்ததையும்கூட ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு 1999-இல் ஒரு நூல் எழுதினார். ஆங்கிலத்தை மறுக்காமலே, அதைத் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொள்ளத் தமிழ் மாணவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதை அந்த நூல் காட்டுகிறது. உங்கள் எம்.ஏ. பாடத்திட்டத்தில் ஷேக்ஸ்பியருக்கும் மில்டனுக்கும் கிடைத்த இடத்தில் பாதியாவது இவர்களுக்குக் கிடைத்திருந்தால், வேலைக்குப் போகும்போது தலை நிமிர்ந்து போயிருப்பீர்கள்.

இனி மாலத்தீவின் வகுப்பறைக்கு வருகிறேன். 1960-களின் தொடக்கத்தில் அந்நாடு ஆங்கிலவழிக் கல்வியைத் தொடங்கியபோது முதலில் கைகொடுத்தவர்கள் இலங்கை ஆசிரியர்கள். பிறகு இந்தியர்கள் பெருகினார்கள். இன்று இஸ்லாமும் திவேஹி மொழியும் தவிர ஏறத்தாழ எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்தில்தான். பள்ளி இறுதியில் பிரித்தானியத் தேர்வு வாரியங்களின் தேர்வு. ஆகவே ஆங்கிலத்தில் பின்தங்கும் குழந்தை கணக்கிலும் அறிவியலிலும் சேர்ந்தே பின்தங்குகிறது. எட்டாம் வகுப்பில் விகிதக் கணக்குப் போடத் தெரியாத பையன் என்று கணக்கு ஆசிரியர் உங்களிடம் குறைப்படுவார். நீங்கள் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கேள்வியை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பல நேரங்களில் அவனுக்குக் கணக்கு தெரியும், கேள்வி புரிந்திருக்காது. அந்தத் தீவில் அதைக் கண்டுபிடிக்கக் கூடிய ஆள் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு உதவப் போவது உங்கள் தமிழ். திவேஹி, சிங்களத்துக்கு நெருங்கிய உறவுடைய இந்தோ-ஆரிய மொழி. ஆனாலும் அதன் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும், நம் வாக்கியத்தைப் போலவே. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் 'இன்', 'டு', 'ஃப்ரம்' எல்லாம் அங்கே பெயருக்குப் பின்னால் உருபாக ஒட்டிக்கொள்ளும், தமிழில் ஒட்டுவதைப் போலவே. 'ஒரு' என்று பொருள் தரும் ஒட்டு திவேஹியில் உண்டு. 'தி' என்பதற்கு நிகராகத் தனிச் சொல் கிடையாது. ஆமா இல்லையா என்று கேட்கும் கேள்வியில் சொற்களை இடம் மாற்றாமல், கடைசியில் ஒரு சிறு ஒலியைச் சேர்த்தால் போதும். நாம் 'வந்தானா' என்று கேட்பதும் அப்படித்தான். ஒரு குழந்தை 'ஐ மார்க்கெட் வென்ட்' என்று எழுதும்போது லண்டனிலிருந்து வந்தவர் அதில் தவறை மட்டுமே பார்ப்பார். அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது, அந்த வாக்கியம் அந்தக் குழந்தையின் தலைக்குள் எந்த வரிசையில் உருவாகிறது என்று உங்களுக்குத் தெரியும். சிறு வயதில் நீங்களும் அதே இடத்தைக் கடந்துதான் வந்தீர்கள். எப்படிக் கடந்தோம் என்பதை நினைவுக்குக் கொண்டுவந்து சொல்லிக் கொடுங்கள்.

உச்சரிப்பிலும் இதே கதைதான். 'வெஸ்ட்' என்ற ஒரே எழுத்துக்கூட்டலில் தமிழர் எழுதும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதல் ஒலிகளைப் பிரித்துச் சொல்ல நமக்கு எவ்வளவு சிரமமோ, அவர்களுக்கும் அவ்வளவு சிரமம். தமிழில் வல்லின மெய்யில் சொல் முடிவதில்லை. திவேஹியிலும் சொல்லின் இறுதியில் எல்லா மெய்களுக்கும் இடமில்லை. அதனால் 'வாக்ட்', 'ஆஸ்க்ட்' என்று இரண்டு மூன்று மெய்கள் ஒன்றாக அடுக்கி நிற்கும் இடத்தில் கடைசி ஒலி விழுங்கப்படுகிறது. வாயில் விழுங்கப்பட்ட ஒலி எழுத்திலும் காணாமல் போகிறது. இறந்தகால விதியை இருபது தடவை எழுதச் சொல்வதால் இது சரியாகாது. முதலில் காதுக்கு அந்த ஒலி கேட்க வேண்டும். 'வாக்', 'வாக்ட்' இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி, இப்போது சொன்னது நேற்றா, தினமுமா என்று கைதூக்கச் சொல்லுங்கள். சிறுவர்களுக்கு அது விளையாட்டு. இரண்டு வாரத்தில் நோட்டுப் புத்தகத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கும்.

எழுத்தைப் பற்றியும் ஒன்று. திவேஹியின் தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்தும் அடுத்த ஒன்பது பழைய உள்ளூர் எண்களிலிருந்தும் பிறந்தவை. உலகில் இப்படி உருவான எழுத்து மிக அபூர்வம். ஐந்து வயதுக் குழந்தை காலையில் ஒரு வகுப்பில் வலமிருந்து இடமாகவும் அடுத்த வகுப்பில் இடமிருந்து வலமாகவும் எழுதிப் பழகுகிறது. அந்தக் குழந்தையின் ஆங்கில எழுத்து திரும்பி நின்றால் கோபப்படாதீர்கள். நீங்களும் தானாவைக் கற்றுக்கொள்ளுங்கள். மொத்தம் 24 எழுத்துகள்தான். கரும்பலகையில் உங்கள் பெயரைத் தானாவில் தப்புத் தப்பாக எழுதி, திருத்தச் சொல்லி மாணவர்களிடம் சாக்பீஸைக் கொடுத்துவிடுங்கள். அன்றிலிருந்து அவர்கள் உங்கள் முன் ஆங்கிலத்தில் தப்பாகப் பேசக் கூச்சப்பட மாட்டார்கள்.

ஆனால் நம் ஊரிலிருந்து கொண்டுபோகக் கூடாத ஒன்றும் இருக்கிறது. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம் பள்ளிகளில் ஆங்கிலம் என்பது பெரும்பாலும் விடைகளின் தொகுப்பு. பாடம் நடத்துவோம், கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போடுவோம், மாணவர்கள் பார்த்து எழுதுவார்கள், மனப்பாடம் செய்வார்கள், தேர்வில் கக்குவார்கள். கட்டுரையும் மனப்பாடம், கடிதமும் மனப்பாடம். இந்தப் பழக்கத்தோடு நீங்கள் அட்டோலில், அதாவது வெளித் தீவுக் கூட்டம் ஒன்றில், ஒரு வகுப்புக்குள் நுழைந்தால் முதல் வாரமே தோற்றுப் போவீர்கள். அங்கே வரப்போகும் தேர்வில், பார்த்தே இராத பத்தியைக் கொடுத்து வாசித்துப் பதில் எழுதச் சொல்வார்கள். ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் எழுதச் சொல்வார்கள். முன்பின் தெரியாத தலைப்பில், குறிப்பிட்ட ஒருவருக்கு, குறிப்பிட்ட தொனியில் எழுதச் சொல்வார்கள். மனப்பாடம் செய்த எதற்கும் அங்கே இடமில்லை. அங்குள்ள பிள்ளைகளும் நம் பிள்ளைகளைப் போல வாய்மூடி உட்கார மாட்டார்கள். கேள்வி கேட்பார்கள், எழுந்து நடப்பார்கள், பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் ஓடுகிற நம் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். வகுப்பு அமைதியாக இருந்தால்தான் பாடம் நடக்கிறது என்று நமக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மொழி வகுப்பில் மாணவர்கள் பேசாமல் வேறு யார் பேசுவது?

இதற்கு மாற்று வழியை அயல்நாட்டில் தேட வேண்டியதும் இல்லை. என்.எஸ். பிரபு என்ற இந்தியர், பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் இருந்தபடி, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் ஒரு சோதனை முயற்சியை நடத்தினார். உலகம் அதைப் பெங்களூர்த் திட்டம் என்று அறிந்திருக்கிறது. இலக்கண விதியை முன்வைக்காமல், மாணவர்கள் மூளையைச் செலுத்தித் தீர்க்க வேண்டிய ஒரு வேலையைக் கொடுப்பது அவருடைய வழி. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன ஊருக்கு இன்ன நேரத்துக்குள் போக எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கேட்பார்கள். மாணவனின் கவனம் விடையில் இருக்கும். மொழி அவன் அறியாமலே உள்ளே இறங்கும். அவர் 1987-இல் எழுதிய 'செகண்ட் லாங்குவேஜ் பெடகாகி' இன்றும் உலகெங்கும் ஆசிரியப் பயிற்சியில் பேசப்படுகிறது. சாதாரணப் பள்ளிக் குழந்தைகளை வைத்து உருவான முறை அது. நம் பி.எட். வகுப்பில் அவர் பெயர் வந்தாலும் இரண்டு மதிப்பெண் கேள்வியாகத்தான் வருகிறது.

மாலத்தீவில் ரயில் கிடையாது. ஆனால் படகு அட்டவணை இருக்கிறது. அது அங்குள்ள ஒவ்வொரு குடும்பத்தின் வாழ்க்கையையும் ஆள்கிற காகிதம். பாட்டிக்குச் செவ்வாய்க்கிழமை காலை மாலே மருத்துவமனையில் முன்பதிவு இருக்கிறது, பொதுப் படகு வாரத்தில் இத்தனை நாள்தான், விரைவுப் படகுக்கு இவ்வளவு கட்டணம், கையில் இவ்வளவு பணம். எப்போது கிளம்ப வேண்டும், இரவு எங்கே தங்க வேண்டும்? இந்த ஒரு தாளை நாலு பேர் கொண்ட குழுவுக்குக் கொடுத்துப் பாருங்கள். சண்டை போடுவார்கள், கூட்டிக் கழிப்பார்கள், 'இஃப்' வரும், 'பிஃபோர்' வரும், 'ஹேவ் டு' வரும், எல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுக்காமலே வரும். முதலில் திவேஹியில் பேசட்டும், தடுக்காதீர்கள். முடிவை ஆங்கிலத்தில் சொல்லட்டும். அடுத்த நாள் அதையே சுகாதார நிலையத்துக்கு ஒரு மின்னஞ்சலாக எழுதச் சொல்லுங்கள். சூரை மீன் பிடிப்பதும், தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளித்துப் படகு நின்றுபோவதும், தேங்காயோடு சூரையைப் பிசைந்து ரொஷி என்ற ரொட்டியோடு சாப்பிடும் மாஸ் ஹுனியும் உங்கள் பாடப் பொருளாகட்டும். டாஃபோடில் பூக்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மாலேயிலும் பக்கத்து நகரான ஹுல்ஹுமாலேயிலும் உங்களுக்குக் கிடைப்பது வேறு வகைப் பிள்ளைகள். யூடியூப்பும் கணினி விளையாட்டும் கற்றுத்தந்த அமெரிக்க உச்சரிப்பில் தடதடவென்று பேசுவார்கள். உங்கள் உச்சரிப்பைக் கேலியும் செய்யலாம். கலங்காதீர்கள். அவர்கள் பேச்சு வேகமாக இருக்கும். நாலு வாக்கியத்தைக் கோவையாக எழுதச் சொன்னால் தடுமாறுவார்கள். பேச்சில் வருகிற ஆங்கிலத்திலிருந்து எழுத்தில் வேண்டிய ஆங்கிலத்துக்கு அவர்களை நடத்திச் செல்வதுதான் அங்கே உங்கள் வேலை. அதைச் செய்ய உச்சரிப்பு தேவையில்லை. கூர்மையாக வாசிப்பதும் பொறுமையாகத் திருத்துவதும் தேவை. உங்கள் உச்சரிப்பை வெள்ளைக்காரரைப் போல வளைக்க முயலாதீர்கள். தெளிவாக, சரியான இடத்தில் அழுத்தம் கொடுத்துப் பேசுங்கள், அது போதும்.

இந்த நகரப் பிள்ளைகளில் பலருக்குத் திவேஹி நழுவிக்கொண்டிருக்கிறது என்ற கவலை அந்நாட்டில் பலமாக இருக்கிறது. எழுத்தாளர் ஹுசைன் சலாஹுத்தீனின் பிறந்த நாளான ஏப்ரல் 14-ஐ அவர்கள் திவேஹி மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள். நமக்குச் சித்திரைப் புத்தாண்டு வருகிற அதே நாள். சுமார் நான்கு லட்சம் பேர் மட்டுமே பேசும் ஒரு மொழி, சுற்றிலும் கடலோடு, ஆங்கிலத்துக்கு எதிரே நிற்கிறது. அந்த ஆங்கிலத்தைக் கொண்டுபோகிறவர்கள் நாம். வகுப்பில் திவேஹி பேசினால் அபராதம் போடும் பழக்கத்தை நம் மெட்ரிக் பள்ளிகளிலிருந்து அங்கே எடுத்துச் செல்லாதீர்கள். தமிழ் பேசியதற்காகத் தண்டனை வாங்கிய பிள்ளைகளின் ஊரிலிருந்து போகிற நாம் இன்னொரு சிறிய மொழிக்கு அதையே செய்தால் மன்னிப்பே கிடையாது.

ஊர் வழக்கங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களின் வரிசை அங்கே நீளமானது. 1343-இல் வந்த பயணி இப்னு பதூதா அங்கே காஜியாக, அதாவது நீதிபதியாக, அமர்ந்து, பெண்களின் உடை தொடங்கி எல்லாவற்றையும் திருத்தப் பார்த்தார். வெற்றி பெறாமல், அரசவையோடு மனக்கசப்பு ஏற்பட்டு அடுத்த ஆண்டே வெளியேறினார். அங்கிருந்து இலங்கை வழியாக வந்து சேர்ந்தது நம் மதுரை சுல்தானிடம். ஊரைத் திருத்தப் போகாதீர்கள். மாலத்தீவு முழுமையான இஸ்லாமிய நாடு. பிற சமயங்களின் பொது வழிபாட்டுக்கு அனுமதி இல்லை. வழிபடும் சிலைகளைச் சுங்கச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள். அம்மா ஆசையோடு பையில் வைத்துவிடும் சின்னப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். ரமலானில் பகலில் பிறர் முன் தண்ணீரும் குடிக்காதீர்கள். சமயம் பற்றி வகுப்பில் எந்தப் பக்கத்திலும் பேச வேண்டாம்.

இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 1988 நவம்பர் 3 அன்று மாலேயில் ஆட்சியைக் கவிழ்க்க நடந்த முயற்சியில் கூலிக்கு இறங்கிப் போரிட்டவர்கள் இலங்கையின் ஒரு தமிழ் ஆயுத இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். மாலத்தீவினர் உயிரிழந்தார்கள். இந்தியப் படை விரைந்து போய் அந்த முயற்சியை முறியடித்தது. நவம்பர் 3 அங்கே வெற்றித் திருநாள், விடுமுறை. நீங்கள் தமிழர் என்று தெரிந்ததும் ஒரு மாணவன் அதைப் பற்றிக் கேட்கக் கூடும், வயதான ஒருவர் முகம் இறுகக் கூடும். தெரியாது என்று மழுப்பாமல், நடந்ததை அறிந்தவராக, வருத்தத்தோடு பதில் சொல்லுங்கள். ராஜராஜனின் மெய்க்கீர்த்தி மாலத்தீவை வென்றதாகச் சொல்வதை ஆசிரியர் அறையில் பெருமையடிக்கும் தம்பிகள் இருக்கிறார்கள். வேலை தந்த ஊரில் படையெடுப்பைப் பற்றிப் பெருமை பேசுவது பண்பல்ல. இரு அரசுகளுக்கு இடையே உறவு கசக்கிற காலங்களிலும் வாட்ஸ்அப்பில் வருவதைப் பரப்பாமல் இருங்கள். 2024-இன் தொடக்கத்தில் இரண்டு பக்கமும் சமூக ஊடகங்களில் சொற்கள் வீசப்பட்டபோது, தீவுகளில் இருந்த நம் ஆசிரியர்கள் மறுநாளும் அதே வகுப்பில்தான் நிற்க வேண்டியிருந்தது.

இனிப் பணமும் காகிதமும். மாலத்தீவு இந்தியாவின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் இல்லை. பட்டதாரிகளுக்கு அந்த அனுமதியே தேவையில்லை. இது வசதி என்று நினைக்கிறீர்கள். இதற்கு இன்னொரு பக்கம் உண்டு: உங்கள் ஒப்பந்தத்தை இந்திய அதிகாரி யாரும் பார்த்துச் சரிசொல்லி அனுப்புவதில்லை. படித்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள் மட்டுமே. பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு வேலைக்கு வாங்கக் கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், இது இந்திய அரசின் விதி. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். "இப்போதைக்குச் சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்பவரிடமும் அப்படியே. வேலை அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகுதான் விமானச் சீட்டு.

சான்றிதழ்களுக்கு மாநில அரசின் சரிபார்ப்பும் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றும் வாங்க நாளாகும். வேலை கிடைத்த பிறகு தொடங்கினால் அவசரத்தைக் காட்டி இடைத்தரகர் பணம் பறிப்பார். இப்போதே தொடங்குங்கள். உங்கள் பட்டத்தை அங்கே மாலத்தீவுத் தகுதி ஆணையம் ஏற்குமா என்பதைப் பணம் கட்டும் முன் உறுதிசெய்துகொள்ளுங்கள், குறிப்பாகத் தொலைநிலைக் கல்வியில் படித்தவர்கள். 2008-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் உங்கள் உரிமை. தகுதிகாண் காலம் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. ஓராண்டு முடித்தால் 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு. தகராறு வந்தால் மாலேயில் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் இருக்கிறது. கடவுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று யார் கேட்டாலும் நகலைக் கொடுங்கள். கடவுச்சீட்டு இந்திய அரசின் சொத்து, முதலாளியின் அலமாரியில் இருக்க வேண்டியது அல்ல.

சம்பளத்தைக் கணக்கிடும்போதுதான் பலரும் ஏமாறுகிறார்கள். சம்பளம் ரூஃபியாவில் வரும். அதிகாரபூர்வ விலைப்படி ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா. இந்த எண்ணை வைத்து ஏஜென்ட் உங்களுக்கு இந்திய ரூபாயில் ஒரு தொகையைச் சொல்வார். ஆனால் அந்த விலைக்கு டாலர் வேண்டிய அளவு கிடைப்பதில்லை. வங்கிகள் மாதத்துக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு வைக்கும். வரம்பும் மாறிக்கொண்டே இருக்கும். வெளியே டாலரின் விலை மிக அதிகம். ஆகவே ஊருக்கு வந்து சேரும் பணம் ஏஜென்ட் சொன்னதைவிடக் குறைவு. நீங்கள் சேரும் மாதத்தில் வங்கி எவ்வளவு அனுப்ப விடுகிறது என்று அங்கே இப்போது இருக்கும் ஓர் ஆசிரியரிடம் கேட்டு, அந்தத் தொகையை வைத்து முடிவெடுங்கள். தங்கைக்குக் கல்யாணம், வீட்டுக்கடன் தவணை என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பணக் கவலையோடு வகுப்பில் நிற்கும் ஆசிரியரால் ஒரு குழந்தையின் வாக்கியத்தைக் கவனிக்க முடியாது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். காய்கறி படகில்தான் வரும், விலை கூடுதல், வந்த அன்று வாங்கிவிட வேண்டும். நம் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து போகும் வெங்காயமும் அதில் இருக்கும். மீன் சாப்பிடுபவர்களுக்குக் குறையே இல்லை. நம் கடற்கரை ஊர்களில் மாசிக் கருவாடு என்று வாங்குவது அவர்களிடமும் உண்டு. தனிமைதான் பெரியது, அதிலும் பெண்களுக்கு. அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடக் கூடிய தீவில் ஒரே ஒரு இந்தியப் பெண்ணாக இருப்பது சாதாரணம் அல்ல. தீவுப் பெண்கள் மாலை நேரத்தில் கூடி உட்காரும் இடத்துக்குப் போய் உட்காருங்கள். அவர்கள் இடம் கொடுப்பார்கள், அவித்த மரவள்ளிக் கிழங்கும் கொடுப்பார்கள். அறைக்குள் அடைந்து, கைப்பேசியில் ஊரோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பவர்கள்தான் முதலில் உடைந்து போகிறார்கள்.

கடைசியாக, உங்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். ஆண்டின் நடுவில் விட்டுவிட்டு வராதீர்கள். வளைகுடாவில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை வரும், ஊரில் தேர்வு முடிவு வரும், வீட்டில் வரன் பார்ப்பார்கள். ஒப்பந்தத்தில் சொன்னபடி முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் கிளம்பச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் வெளித் தீவு ஒன்றில் ஆங்கில ஆசிரியர் போனால் அடுத்தவர் வந்து சேரப் பல மாதங்கள் ஆகலாம். இப்படி ஒரே ஆண்டில் இரண்டு மூன்று ஆசிரியர்களைப் பார்க்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். பத்தாம் வகுப்பை எடுத்தவர்கள் தேர்வு முடியும் வரையாவது இருங்கள்.

தவிர்க்க முடியாமல் வர நேர்ந்தால், கிளம்பும் முன் ஒரு நோட்டில் மாணவர்களைப் பற்றி எழுதிவையுங்கள். யார் பேசுவார், எழுதமாட்டார். யாருக்கு வாசிக்கும்போது எந்த ஒலி வராது. யார் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் வரை தானாக வாசித்திருக்கிறார். யாருடைய அப்பா கடலுக்குப் போய் வாரக்கணக்கில் வீட்டில் இருக்க மாட்டார். யாரை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும். அடுத்து வரப்போகிறவர் கேரளத்திலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ வரலாம், அதனால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். அலுவலகத்தில் கொடுத்தால் கோப்புக்குள் போய்விடும். பள்ளியை விட்டு எங்கும் போகாத உள்ளூர் ஆசிரியை ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் கையில் கொடுத்து, உங்கள் தொலைபேசி எண்ணையும் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அங்கே பணியாற்றித் திரும்பிய உங்கள் அக்கா